கழுத்தில் ஸ்க்ரூ: நேவிகேஷன் இல்லாத தியேட்டரில் போடலாமா?

கேள்வி | 2 ஜூன் 2024, காலை 9.10

என் தந்தையாருக்கு 67 வயது. ஓராண்டாக விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் தவிக்கிறார், நடையும் தள்ளாடுகிறது. கழுத்தில் தண்டுவடம் நெரிபடுவதாகவும், பின்பக்கமாகத் திறந்து மூன்றாவது முள்ளெலும்பிலிருந்து ஆறாவது வரை ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்த வேண்டும் என்றும் எங்கள் ஊர் மருத்துவர் சொல்கிறார். அவருடைய மருத்துவமனையில் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி மட்டுமே இருக்கிறது. கணினி வழிகாட்டும் நேவிகேஷன் இல்லை. நான் படித்துப் பார்த்த வரையில், நேவிகேஷன் இல்லாத தியேட்டரில் கழுத்தில் ஸ்க்ரூ போடுவதை அனுமதிக்கவே கூடாது. மறுப்பவர் இருந்தால் காரணத்தோடு மறுக்கவும்.

2 ஜூன், இரவு 10.40

மறுக்கிறேன். 25 ஆண்டுகளாக முதுகுத்தண்டு அறுவை செய்கிறவன் நான். அதில் முதல் 14 ஆண்டுகள் நேவிகேஷன் என்ற பொருளைக் கண்ணாலும் காணாத தியேட்டர்களில் கழிந்தன. என் பேச்சில் பழக்கத்தின் சாய்வு இருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"கழுத்தில் ஸ்க்ரூ" என்று ஒரே பெயரில் சொல்லும்போது நான்கைந்து வெவ்வேறு அறுவைகள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன. முதல் இரண்டு முள்ளெலும்புகளில் போடுவது ஒரு கதை. மூன்றிலிருந்து ஆறு வரை போடுவது வேறு கதை. அந்த மூன்றிலிருந்து ஆறுக்குள்ளேயே, எலும்பின் எந்தப் பகுதியைத் துளைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்து தலைகீழாக மாறும். உங்கள் தந்தையாருக்குச் சொல்லப்பட்டது அநேகமாக லேட்டரல் மாஸ் ஸ்க்ரூவாக இருக்கும். முள்ளெலும்பின் இரு பக்கத்திலும், மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் இடையில், சிறு தூணைப் போல நிற்கும் எலும்புத் திரள்தான் அது. வழக்கமாக அதில் போடும் ஸ்க்ரூவின் தடிமன் 3.5 மி.மீ., நீளம் 14 மி.மீ. அளவில் இருக்கும்.

அந்தத் தூணைச் சுற்றி மூன்று பேர் குடியிருக்கிறார்கள். உட்பக்கம் தண்டுவடம்; முன்பக்கம் கைக்குப் போகும் நரம்பு வேர்; முன்னும் சற்று உள்ளும் தள்ளி, மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் வெர்டிப்ரல் தமனி. முள்ளெலும்பின் பின்தகடான லேமினா இந்தத் தூணோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துக்கு நேர் முன்னேதான் தமனி ஓடுகிறது. ஆகவே தூணின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்துத் துளைத்தால் தமனியை விட்டும் தண்டுவடத்தை விட்டும் விலகியே போகிறோம். 1970களில் பாரிஸில் ரோய்-கமீய் வகுத்த முறையில், நடுப்புள்ளியிலிருந்து நேர் முன்னோக்கி, 10 பாகை மட்டும் வெளியே சாய்த்துத் துளைப்பார்கள். சுவிட்சர்லாந்தின் மாகெர்ல் நடுப்புள்ளிக்குச் சற்று உள்ளும் மேலுமாகத் தொடங்கி, 25 பாகை வெளியேயும் 45 பாகை மேல்நோக்கியும் துளைத்தார். முதல் முறையில் ஸ்க்ரூ குட்டை, பிடிமானம் குறைவு. இரண்டாவதில் பிடிமானம் கூடும், நரம்பு வேரை உரசும் வாய்ப்பும் சற்றுக் கூடும்.

இவை எல்லாம் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுணரும் அடையாளங்களை நம்பிய முறைகள். உலகெங்கும் இந்த ஸ்க்ரூக்களில் பெரும்பகுதி அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. இதற்கு நேவிகேஷனைக் கட்டாயமாக்குவது, தெருமுனைக் கடைக்குப் போக வரைபடம் கேட்பதைப் போன்றது.

3 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மாகெர்ல் முறையில் "45 பாகை மேல்நோக்கி" என்று ஒரு நிலையான எண்ணைப் போல எழுதிவிட்டேன். விதி உண்மையில் பாகையில் இல்லை. அந்த நோயாளியின் மூட்டுப் பரப்புக்கு இணையாகப் போக வேண்டும் என்பதுதான் விதி. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிய கருவியை மூட்டு இடுக்கில் செருகி, அது நிற்கும் சாய்வைப் பார்த்துத் துளைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாகைமானியை எடுத்துக்கொண்டு யாரும் தியேட்டருக்குப் போவதில்லை.

தெருமுனைக் கடை உவமையும் சற்று மிகை. தெரு தெரிந்தவனுக்குத்தான் அது பொருந்தும்.

3 ஜூன், இரவு 11.05

பயிற்சி மருத்துவர் ஒருவர் தனிச்செய்தியில், வெளிச்சாய்வை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறார். கீழே உள்ள முள்ளெலும்பின் முதுகுமுள்ளின் (நடுவில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனை) மேல் ட்ரில்லின் தண்டு படும்படி சாய்த்தால் போதுமான வெளிச்சாய்வு தானாகவே கிடைத்துவிடும் என்பது பழைய சூத்திரம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லேமினாவையும் முதுகுமுள்ளையும் முதலில் எடுத்துவிட்டால் சாய்த்துவைக்கச் சுவரே இராது. போதாக்குறைக்கு, திறந்து கிடக்கும் தண்டுவடத்தின் மேல் கருவி வழுக்கி விழும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நான் எல்லாத் துளைகளையும் முதலில் போட்டு, அளந்து, மெழுகால் அடைத்துவிட்டு, அதன் பிறகே தண்டுவடத்தின் மேலுள்ள எலும்பை எடுப்பேன். 12 அல்லது 14 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாதபடி தடுப்பு வைத்த ட்ரில், அதன்பின் குமிழ் முனைக் கம்பியால் துளையின் நான்கு சுவரையும் தரையையும் தடவிப் பார்ப்பது: இவ்வளவுதான் கருவிகள். அந்தத் தடவல் மட்டும் அவசரமாக நடக்கக் கூடாது.

5 ஜூன், மாலை 7.30

"பெடிக்கிள் ஸ்க்ரூதான் உறுதியானது என்கிறார்களே, என் தந்தைக்கு ஏன் மட்டமானதைப் போடுகிறார்கள்" என்று கேள்வியாளர் மீண்டும் எழுதியிருக்கிறார்.

உறுதி என்பது உண்மை. முள்ளெலும்பின் பின்பாகத்தை முன்னுடலோடு இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம்தான் பெடிக்கிள். அதன் வழியே போகும் ஸ்க்ரூ முன்னுடல் வரை ஊன்றி நிற்பதால் இழுத்தாலும் எளிதில் வராது. ஜப்பானின் அபூமியும் அவருடைய குழுவினரும் 1994இல், அடிபட்ட கழுத்துகளில் இம்முறையைக் கையாண்டதை விரிவாக வெளியிட்டார்கள். ஆனால் மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை அந்தப் பாலத்தின் அகலம் பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. மட்டுமே, நம் ஸ்க்ரூ 3.5 மி.மீ. அதோடு பாலம் நடுக்கோட்டை நோக்கி ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கிறது. கழுத்துத் தசைகளை அவ்வளவு தூரம் விலக்கிப் பிடித்து, வெளியிலிருந்து உள்நோக்கித் துளைக்க வேண்டும். தசை திருப்பித் தள்ளும்போது கை தன்னை அறியாமல் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தால் துளை வெளிச்சுவரை நோக்கிப் போகும். நான்கு சுவர்களில் மிக மெல்லியது அந்த வெளிச்சுவர்தான். அதற்கு அடுத்த வீட்டில் இருப்பது வெர்டிப்ரல் தமனி.

ஆகவே இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். மூன்று முதல் ஆறு வரை பெடிக்கிளில் போடத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால், நேவிகேஷனோ அந்த நோயாளிக்கென்றே 3டி அச்சில் வார்த்த துளை வழிகாட்டியோ இல்லாமல் நான் இன்று கை வைக்க மாட்டேன். 2005 வாக்கில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

உங்கள் தந்தையார் வகை நோய்க்கு அவ்வளவு உறுதி தேவைப்படுவது அரிது. மட்டமானது என்று சொல்லாதீர்கள். வேலைக்கு ஏற்றது என்று சொல்லுங்கள்.

5 ஜூன், இரவு 9.50

விடுபட்டது: ஏழாவது முள்ளெலும்பு. அங்கே பக்கத் திரள் மெலிந்துவிடும், பெடிக்கிளோ பருத்துவிடும். வெர்டிப்ரல் தமனி பெரும்பாலோருக்கு ஆறாவது முள்ளெலும்பின் பக்கத் துளையில்தான் நுழைகிறது என்பதால், ஏழாவதில் அந்த அண்டை வீட்டுக்காரர் வழக்கமாக இருப்பதில்லை. ஆகவே அங்கு மட்டும் பெடிக்கிள் ஸ்க்ரூவைப் பலர் சி-ஆர்ம் துணையோடும், சிலர் லேமினாவின் ஓரத்தைச் சிறிது திறந்து பெடிக்கிளின் உட்சுவரைத் தொட்டறிந்தும் போடுகிறார்கள். "பெரும்பாலோருக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலருக்குத் தமனி ஏழிலேயே நுழையும், சிலருக்கு ஐந்தில் நுழையும். ஸ்கேனில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும்.

6 ஜூன், மதியம் 2.20

வேறொரு வாசகர், "முன்பக்கமாகத் தட்டு வைத்து ஸ்க்ரூ போடுகிறார்களே, அது?" என்கிறார். அது இன்னும் எளிது. ஸ்க்ரூவைப் பூட்டிக்கொள்ளாத பழைய காஸ்பார் தட்டுகளின் காலத்தில் ஸ்க்ரூ முன்னுடலின் பின்சுவரையும் கடிக்க வேண்டியிருந்ததால், நுனி தண்டுவடத்துக்கு முன்னே வந்து நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவார்கள். ஸ்க்ரூ தட்டோடு பூட்டிக்கொள்ளும் வடிவம் வந்த பிறகு பின்சுவரைத் தொடவேண்டிய தேவை போயிற்று. ஆபத்து குறைந்தது திறமையால் அன்று, ஸ்க்ரூவின் தலையை மாற்றியதால். இதை மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

9 ஜூன், இரவு 10.15

முதல் இரண்டு முள்ளெலும்புகளைப் பற்றி எழுதுமாறு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேள்வியாளரின் தந்தைக்கு இது தேவையில்லை. ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரியவைத்த இடம் இதுதான்.

அதே மாகெர்லின் இன்னொரு முறையில் இரண்டாவது முள்ளெலும்பின் வழியே மேல்நோக்கித் துளைத்து, மூட்டைத் தாண்டி முதலாவதில் போய் நிற்கும்படி ஒரே நீண்ட ஸ்க்ரூவைப் போடுவார்கள். பிடிமானம் அபாரம். ஆனால் வெர்டிப்ரல் தமனி இரண்டாவது முள்ளெலும்புக்குள் ஒரு வளைவு போட்டுத் திரும்புகிறது. சிலருக்கு அந்த வளைவு உயரமாகவும் உள்ளே தள்ளியும் இருந்து, ஸ்க்ரூ போகவேண்டிய எலும்பையே குடைந்துவிடும். உயர்ந்தேறிய தமனி என்று அதற்குப் பெயர். அங்கு எலும்பின் உயரம் 5 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வேறு வழி பார்ப்பதே நல்லது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, ஒரு பக்கத்திலாவது இந்த நீண்ட ஸ்க்ரூவுக்கு இடம் இராது.

மாற்று வழி நம் நாட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், லாஹேரியோடு சேர்ந்து 1994இல் வெளியிட்ட முறையில், முதல் முள்ளெலும்பின் பக்கத் திரளில் ஒரு ஸ்க்ரூ, இரண்டாவதில் தனியே ஒரு ஸ்க்ரூ, இரண்டையும் இணைக்க ஒரு தட்டு. ஜெர்மனியின் ஹார்ம்ஸும் மெல்ஷரும் 2001இல் தட்டுக்குப் பதிலாக, தலை எப்பக்கமும் திரும்பும் ஸ்க்ரூவையும் கம்பியையும் வைத்தார்கள். பாடநூல்களில் நெடுங்காலம் ஹார்ம்ஸ் பெயரே தனித்து நின்றது. இப்போது கோயல்-ஹார்ம்ஸ் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டாவதில் அதற்கும் இடமில்லாத நோயாளிக்கு, 2004இல் ரைட் காட்டிய வழி இருக்கிறது: லேமினாவுக்குள்ளேயே குறுக்காக ஸ்க்ரூவை ஓட்டிவிடலாம். தமனி அந்தப் பக்கமே வராது.

இந்த மூன்றும் எதற்காக உண்டாயின என்று பாருங்கள். ஒரு வழியில் இடமில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள்தான் அடுத்த வழியைத் தேடியிருக்கிறார்கள்.

9 ஜூன், இரவு 11.50

தூக்கம் வரவில்லை. மேலே அவ்வளவு எழுதிவிட்டு இதை மறைப்பது முறையன்று.

2009இல், தென்னை மரத்திலிருந்து விழுந்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு, இரண்டாவது முள்ளெலும்பின் பல் போன்ற பகுதி முறிந்து சேராமல் இருந்தது. நான் மாகெர்லின் நீண்ட ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்தேன். இடது பக்கத்தில் முதலில் துளைத்தேன். ட்ரில்லை வெளியே எடுத்ததும் துளையிலிருந்து செக்கச்செவேலென்று இரத்தம் துடித்துத் துடித்துப் பாய்ந்தது. எலும்புக்குள்ளிருந்து கசியும் கருஞ்சிவப்பு எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இது அது இல்லை என்று மயக்க மருந்து நிபுணர் முதல் வாசலில் நின்ற ஊழியர் வரை தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைப் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்திருந்ததால் கை செய்தது. விரலால் அழுத்தி, தயாராக இருந்த ஸ்க்ரூவையே அந்தத் துளையில் திருகி அடைத்தேன். இரத்தம் நின்றது. அடுத்த விதிதான் முக்கியமானது: மறுபக்கத்தில் ட்ரில்லைத் தொடவே கூடாது. ஒரு தமனி போனால் பெரும்பாலோருக்கு மற்றது தாங்கும். இரண்டும் போனால் மூளையின் பின்பகுதிக்கு இரத்தமே இராது. வலப்பக்கத்தை விட்டுவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்துப் பழைய முறைப்படி கம்பியால் கட்டி மூடினேன். பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் இடது தமனி அந்த இடத்தில் அடைபட்டிருந்தது. வலது தமனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிழைத்தார், கையும் காலும் வேலை செய்தன, எலும்பும் சேர்ந்தது.

நேவிகேஷன் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று பல நாள் யோசித்தேன். அறுவைக்கு முந்தைய இரவு 11 மணிக்கு, சிடி பிலிமை விளக்குப் பெட்டியில் செருகி, குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் பார்த்திருந்தேன். நீளவாக்கில் வெட்டிய படங்களை அச்சிடச் சொல்லவே இல்லை. மறுநாள் அதை வாங்கிப் பார்த்தபோது இடப்பக்க எலும்பின் உயரம் 4 மி.மீ. இருந்தது. அதாவது அந்தத் துளை போடப்பட்டிருக்கவே கூடாது. நேவிகேஷன் அதைப் பிசகாமல் வழிநடத்தியிருந்தாலும் அங்கே போக எலும்பு இல்லை. தவறு நடந்தது தியேட்டரில் இல்லை, விளக்குப் பெட்டியின் முன்னால்.

10 ஜூன், காலை 7.00

மேலே எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், "சிடியை நேவிகேஷனுக்கு ஏற்றும்போது அந்த நீளவெட்டுப் படம் திரையில் தானாக வந்திருக்கும், நீ பார்த்திருப்பாய்" என்கிறார். நியாயம். இயந்திரம் கையை வழிநடத்துவதற்கு முன்பே கண்ணைக் கட்டாயப்படுத்துகிறது என்ற நன்மையை நான் குறைத்து எண்ணியிருக்கிறேன். பின்வாங்குகிறேன், பாதி அளவுக்கு.

10 ஜூன், இரவு 9.30

மற்றப் பாதி இது. 2013 முதல் நேவிகேஷனோடு வேலை செய்கிறேன். மார்பு, இடுப்புப் பகுதிகளில் அது பெரும்பாலும் சொன்ன சொல் தவறாது. கழுத்தில் ஒவ்வொரு முள்ளெலும்பும் தனித்தனியே அசையும். எலும்பு இருக்கும் இடத்தை நேவிகேஷன் கணிக்க உதவும் அடையாளச் சட்டத்தை இரண்டாவது முள்ளெலும்பின் முதுகுமுள்ளில் பூட்டிவிட்டு ஆறாவதில் ட்ரில்லை அழுத்தினால், அந்த அழுத்தத்திலேயே ஆறாவது திரும்பிவிடும். திரையிலோ அது திரும்பாமல் சிலையாக நிற்கும். 2 மி.மீ. பிசகு போதும். அதனால் ஒவ்வொரு துளைக்கு முன்பும், கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியைத் தொட்டு, திரையும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். சொல்லவில்லை என்றால் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அன்றைக்கு எல்லோருடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போகும்.

சி-ஆர்மின் குறையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது தோள்கள் குறுக்கே வந்து ஆறாவதையும் ஏழாவதையும் மறைத்துவிடும். பிளாஸ்டர் ஒட்டித் தோள்களைக் காலை நோக்கி இழுத்துக் கட்டுவோம். கழுத்தே இல்லாத உடல்வாகு சிலருக்கு உண்டு. மூட்டை தூக்கிப் பழகிய ஒருவருக்கு எவ்வளவு இழுத்தும் ஐந்தாவதற்குக் கீழே திரையில் வெறும் பனிமூட்டம்தான். இழுப்பது அளவு மீறினால் கைக்குப் போகும் நரம்புகள் நோகும் என்பதால், பனிமூட்டத்தையே ஏற்றுக்கொண்டு விரலை நம்பினோம்.

16 ஜூன், மாலை 6.45

ஒருவர் எண்களோடு வந்திருக்கிறார்: கோவை கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், நேவிகேஷன் இல்லாதபோது 23 சதவீத ஸ்க்ரூக்கள் எலும்புச் சுவரை மீறின, நேவிகேஷனோடு 2 சதவீதம் மட்டுமே மீறின என்கிறார். எண்கள் சரி. சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போல நோயாளிகளை இரு அணியாகப் பிரித்து ஒழுங்காகச் செய்த ஆய்வு. நானும் மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் அது முதுகு வளைந்த 33 பேரின் மார்புப் பகுதி பெடிக்கிள்களைப் பற்றியது. திருகி வளைந்த முதுகில் பெடிக்கிள் தேடுவதும், நேரான கழுத்தில் லேட்டரல் மாஸ் தேடுவதும் ஒன்றல்ல. கழுத்துப் பெடிக்கிளுக்கு அதை ஆதரவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த ஸ்க்ரூவுக்கு அங்கீகாரமே கிடையாதாமே என்றும் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் கழுத்தின் பின்பக்க ஸ்க்ரூக்களை, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ முறையாக வகைப்படுத்தியது 2019இல்தான். அதற்கு முன் பல்லாண்டுகள் அங்குள்ள மருத்துவர்கள் தங்கள் பொறுப்பிலேயே போட்டு வந்தார்கள். காகிதம் பின்னால் வந்தது, அவ்வளவுதான்.

17 ஜூன், காலை 8.10

கேள்வியாளருக்கு: 20ஆம் தேதி அறுவை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மருத்துவரிடம் கருவியைப் பற்றிக் கேட்காதீர்கள். "எங்கள் அப்பாவின் சிடி படத்தை எங்களோடு உட்கார்ந்து பார்ப்பீர்களா, தமனி எந்தப் பக்கம் பெரியது, எந்த எலும்பில் இடம் குறைவு, அங்கே என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "அங்கே போடாமல் விட்டுவிடுவேன்" என்று பதில் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்.

23 ஜூன், இரவு 8.20

கேள்வியாளர் எழுதியதைப் படித்தேன். அறுவை நல்லபடி முடிந்து, விரல்களின் மரப்பு குறைந்து, மூன்றாம் நாள் காலையில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. "நேவிகேஷன் இல்லாததன் பலன் இது" என்று கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. ஆனால் இது பெரும்பாலும் ஸ்க்ரூவின் வேலை இல்லை. நெரிபட்ட தண்டுவடத்தை விடுவித்த பிறகு அது பின்னோக்கி நகர்வதால், குட்டையான ஐந்தாவது நரம்பு வேர் இழுபடுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நூற்றில் ஐந்து பேர் அளவில் வரும். அநேகமாக ஓரிரு நாள் கழித்தே தோன்றும். பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில் சரியாகும்.

23 ஜூன், இரவு 9.05

முந்தைய குறிப்பில் நான் அவசரப்பட்டுவிட்டேன். படம் பார்க்காமல் ஸ்க்ரூவுக்கு நற்சான்று கொடுப்பதும், படம் பார்க்காமல் அதன் மேல் பழி போடுவதும் ஒரே தவறுதான். 2009இல் படித்த பாடத்தை இதற்குள் மறந்திருக்கிறேன். நாளைக் காலையே சிடி எடுக்கச் சொல்லுங்கள். எந்த ஸ்க்ரூவாவது அந்த வேர் வெளியேறும் துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதை எடுக்க வேண்டும், அதில் தாமதம் கூடாது.

25 ஜூன், மாலை 5.40

படங்களை அனுப்பியதற்கு நன்றி. பெயரையும் எண்ணையும் மறைத்து அனுப்பியதற்கு இன்னும் நன்றி. இடது கையின் அந்த வேர் வெளியேறும் துளையில் எதுவும் இல்லை. அங்குள்ள ஸ்க்ரூக்கள் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே தோள் தளர்ச்சிக்கு ஸ்க்ரூ காரணம் இல்லை என்று இப்போது சொல்லலாம்.

ஆனால் வலப்பக்கம் ஆறாவதில் உள்ள ஸ்க்ரூவின் நுனி தமனித் துளையின் விளிம்பைத் தொடுகிறது. உங்கள் மருத்துவரே இதைச் சுட்டிக்காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காத மனிதரை நான் மதிக்கிறேன். மீறல் 2 மி.மீ.க்கும் குறைவு, ஆஞ்சியோ படத்தில் தமனி நசுங்காமல் ஓடுகிறது, தலைசுற்றலோ பார்வைக் குழப்பமோ இல்லை. "உடனே எடுத்துவிடச் சொல்லட்டுமா" என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தொந்தரவு தராத ஸ்க்ரூவைப் பிடுங்கும்போதுதான், அது அடைத்து வைத்திருக்கும் ஏதாவது திறந்துகொள்ளக்கூடும். இன்னொரு மயக்கம், இன்னொரு காயம், கிருமித் தொற்றின் வாய்ப்பு எல்லாம் கூடவே வரும். நானாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் ஒரு எக்ஸ்ரே பார்ப்பேன்.

நேவிகேஷன் இருந்திருந்தால் அந்த ஒரு ஸ்க்ரூ இரண்டு மி.மீ. வெளியே தள்ளிப் போயிருக்குமா? போயிருக்கலாம். நீங்கள் முதலில் கேட்டதற்கு நான் முதலில் சொன்ன "மறுக்கிறேன்" என்ற சொல்லை இன்று எழுதினால் சற்று மெதுவாக எழுதுவேன்.

14 ஜூலை, காலை 10.30

கை இப்போது நெற்றி வரை எழுகிறது என்ற செய்தி மகிழ்ச்சி. பிசியோதெரபியை விடாதீர்கள்.

பீடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்க்ரூ என்பது எலும்பு சேரும்வரை தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கொடுப்புதான். எலும்பு சேராவிட்டால் எவ்வளவு துல்லியமாகப் போட்ட ஸ்க்ரூவும் நாளடைவில் ஆடத் தொடங்கும், தளரும், சில வேளை முறியும். புகை எலும்பு சேர்வதைக் கெடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டுதான் என்று அவர் பேரம் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் வேண்டாம். அக்டோபர் எக்ஸ்ரே வந்ததும் இங்கே போடுங்கள், ஆறாவதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.